முதுமாணி முடிக்கிற பிள்ளைகளே, எங்கள் ஊர்க் கடன் அட்டையையும் ஒருக்கால் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். பிரயோக நிதியியல், வணிக நிர்வாகம் என்று முதுமாணி செய்துகொண்டிருக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் எழுதுகிறோம். ஆனால் கிழமைக் கட்டு கட்டுகிற அக்காமாரும் வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது.

தர்மபுரம், விசுவமடு, கண்டாவளைப் பக்கத்திலிருந்து முதுமாணி படிக்கிறவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறோம். வங்கியில் வேலை செய்கிறவர்கள், பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள், எங்களைப் போல ஆசிரியர்கள். சனி ஞாயிறு வகுப்புக்கு ஓடிப்போய், திங்கள் காலை கண் எரியப் எரிய வேலைக்கு வந்து நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது. வவுனியா வளாகமும் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகி, அங்கே வியாபாரக் கற்கைகள் பீடம் நடக்கிறது. படிக்கிற தூரம் குறைந்திருக்கிறது. இறுதி ஆய்வின் தலைப்பு மட்டும் கொழும்பை விட்டு நகரமாட்டேன் என்கிறது.

"கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் மூலதனக் கட்டமைப்பும் இலாபமும்." "பங்குலாபக் கொள்கையும் பங்கு விலையும்." இப்படித்தான் தலைப்புகள் வருகின்றன. காரணம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. ஐந்து வருட ஆண்டறிக்கையை இணையத்தில் இறக்கி, எஸ்.பி.எஸ்.எஸ். இல் போட்டு ஓட்டினால் அட்டவணை வந்துவிடும். பரந்தன் சந்தியைக்கூடத் தாண்டத் தேவையில்லை. வேலை, பிள்ளைகள், கட்டிய கட்டணம், முடிவுத் திகதி எல்லாம் கழுத்தைப் பிடிக்கும்போது சுலபமான தரவு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் யாரும் போவார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆய்வை ஏற்கெனவே நூறு பேர் செய்திருப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற கடன்காரத் தம்பியின் கணக்கை எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?

இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் நுண்கடன் என்பதே ஒருவகையில் ஒரு ஊர் ஆய்விலிருந்து வந்ததுதான். 1976 இல் பங்களாதேஷின் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்த முஹம்மத் யூனுஸ், பக்கத்து ஊரான ஜோப்ராவில் வியாபாரிகளிடம் கடன்பட்டிருந்தவர்களை மாணவர் உதவியுடன் பட்டியல் எடுத்தார். 42 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட பணம் 27 டொலர். அந்தப் பட்டியல்தான் 1983 இல் கிராமின் வங்கியானது, 2006 இல் நொபெல் பரிசு வரைக்கும் போனது. பங்குச் சந்தைத் தரவு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஒரு கொப்பி, பேனை, வீடு வீடாக நடந்த கால்.

பிறகு அதே யோசனையை இலாபக் கம்பனிகள் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. ஆந்திராவில் 2010 ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போடுகிற அளவுக்கு வசூல் நெருக்கடி முற்றியது. இலங்கையில் 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வந்துபோன ஐ.நா. சுயாதீன நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அதே வருடம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையான பெண்களின் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீத உச்சவரம்பையும் மத்திய வங்கி கொண்டுவந்தது.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம். எந்தக் கம்பனியையும் குறித்துச் சொல்லவில்லை, வெறும் உதாரணம்.

50,000 ரூபா கடன். "வட்டி 24 வீதம்தான் அக்கா" என்கிறார்கள். ஒரு வருட வட்டி 12,000. மொத்தம் 62,000. 52 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். நேர்மையான கணக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறதா? முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட அரைவாசி முதல் போய்விடும். வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரை முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துகொண்டு போகிற மீதிக்குத்தான் வட்டி என்று வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 44 வீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று 2,500ஐ முதலிலேயே கழித்து 47,500ஐக் கையில் தந்தால் 55 வீதம். வாயால் சொல்லும் 24 உச்சவரம்புக்குள் நிற்கிறது. கையில் விழுகிற 55 எங்கேயோ நிற்கிறது. எக்செலில் 'ரேட்' என்ற சூத்திரத்தைப் போட்டு 52 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைக்கும் காட்டிக்கொடுக்கலாம்.

இதுதான் பிரயோக நிதியியல். பிரயோகிக்க எங்கள் ஊரை விட நல்ல இடம் எது?

இன்னொன்றும் இருக்கிறது, வட்டியை விட அதுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. வயலை நம்பி இருக்கிற வீட்டுக்குக் காசு வருவது காலபோகத்துக்கு ஒருதரம், தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்துக்கு ஒருதரம். கட்டு வருவதோ கிழமைக்கு ஒருதரம். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கிற அந்த மாதங்களில்தான் இரண்டாவது கடன் எடுபடுகிறது, காப்பு அடைவுக்குப் போகிறது, மீற்றர் வட்டிக்காரன் படலையைத் திறக்கிறான். கம்பனிகளின் காசுப் பாய்ச்சலை வகுப்பில் வரைபடம் போட்டுப் படிக்கிறோமே, அதே வரைபடத்தை ஒரு நெல் விவசாயக் குடும்பத்துக்கு 12 மாதத்துக்கு வரைந்தால் ஒரு அத்தியாயம் முழுதாக வந்துவிடும். அறுவடையோடு சேர்த்துக் கட்டுகிற கடன் எப்படி இருக்கும், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தால் அதைக் கொடுக்க முடியுமா, பெண்கள் தங்களுக்குள் பிடிக்கிற சீட்டில் உண்மையான செலவு எவ்வளவு, 2018 தள்ளுபடி கிடைத்தவர்கள் மறுபடி கடனுக்குப் போனார்களா. தலைப்புப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

"உங்கள் மார்க்கத்தில் வட்டியே கூடாதே, உங்களுக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை?" என்று சில நண்பர்கள் பகிடியாகக் கேட்பதுண்டு. வட்டி கூடாது என்று நம்புகிற எங்கள் ஆக்களின் முற்றத்திலும் லீசிங் முச்சக்கரவண்டி நிற்கிறதுதானே. வட்டியில்லாத அழகிய கடன், கர்ழுன் ஹஸன், என்று நாங்கள் பேசுவதும் உண்மையில் எத்தனை குடும்பத்துக்கு எட்டுகிறது என்பதும் ஆய்வு செய்ய வேண்டிய விஷயம்தான்.

தரவு கிடைக்காது என்பீர்கள். கம்பனியிடம் கேட்டால் கிடைக்காதுதான். ஆனால் வீட்டில் இருக்கிற கடன் அட்டையில் திகதி, தொகை, ஒப்பம் எல்லாம் இருக்கிறது. சம்மதத்தோடு 30 அட்டையைப் பார்த்தால் போதும். 30 என்பது சிறிய மாதிரிதான், மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார். முழு மாவட்டத்துக்கும் பொருந்தும் என்று எழுதாமல், இந்த 30 வீட்டுக்கு இது உண்மை என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறோம். "நுண்கடன் பெண்களை வலுவூட்டுகிறது: முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை" என்று ஐந்து பெட்டி போட்ட வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கடன் குழுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். குழுத் தலைவியும் கம்பனி ஆளும் பார்த்துக்கொண்டிருக்க எந்த அக்கா உண்மையைச் சொல்வார்? கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனும் இருக்கும். தனியே, அவர் சொல்கிற நேரத்தில் போங்கள். பெயரோ அடையாள அட்டை இலக்கமோ எழுத வேண்டாம். போரில் எல்லாம் இழந்து மீளக் குடியேறிய இந்தச் சனத்திடம் எத்தனையோ பேர் படிவம் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வந்து "நீங்கள் சொன்னதில் இதுதான் வந்தது" என்று சொன்னதை நாங்கள் பார்க்கவில்லை.

ஆய்வை ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிக் கொடுங்கள், அது பட்டத்துக்கு. அதோடு இரண்டு பக்கம் தமிழில் எழுதி மாதர் சங்கத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் கொடுங்கள். உண்மை வட்டி எவ்வளவு, கையெழுத்து வைக்க முதல் எதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வினாக்கொத்தைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றித் தரவும், அந்த இரண்டு பக்கத்தைத் திருத்தித் தரவும், முதல் நாள் வீடுகளுக்குக் கூட வந்து அறிமுகப்படுத்தவும் நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். காசு எதுவும் வேண்டாம். இன்னும் தலைப்பு எழுதிக் கொடுக்காதவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். தவணைப் பரீட்சை தொடங்க முதல் வந்தால் எங்களுக்கும் வசதி.