திரையும் அங்கத்தினரும்

கூட்டுறவுச் சங்கங்களில் பேரேடு இருந்த இடத்தைக் கணினித் திரை பெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும், அத்திரை யாருக்காக அமைக்கப்படுகிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

தாம்பரத்தை அடுத்த ஒரு சங்கத்தில் நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, பல ஆண்டுகளாகப் பாஸ் புத்தகத்தில் தம் கணக்கைத் தாமே பார்த்துவந்த மூதாட்டி ஒருவர், தொடுதிரையின்முன் திகைத்து நின்றார். ஆங்கில எழுத்துகள் தோன்றி மறைந்தன. "எவ்வளவு இருக்கிறதென்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள், தம்பி" என்றார். தம் பணத்தின் கணக்கைப் பிறர் வாய்மொழியால் அறியும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். இது வசதிக் குறைவு மட்டுமன்று, உரிமைக் குறைவுமாகும்.

வேறு வழியும் உண்டு. தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. மக்களுக்கு வேண்டுவது யாது என்பதை அவர்களிடமே கேட்டறிந்தது. வீராம்பட்டினத்து மீனவர் வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அக்கணிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வாயிலாகக் கரையெங்கும் கேட்டது. கடலுக்குப் புறப்படுபவன் திரையின்முன் அமர்வதில்லை என்பதை அமைத்தோர் உணர்ந்திருந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்துக்கு உரைத்ததும் அத்தகைய ஒலிபெருக்கியே.

அங்கத்தினருக்குப் பயிற்சி அளித்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். பயிற்சி வேண்டியதே. ஆனால் பாவு நூல் அடிக்கடி அறுந்தால் நெசவாளர் தறியையும் பார்க்கிறார். கையை மட்டும் குறை கூறுவதில்லை. தமிழ் விசைப்பலகைக்கு 1999லேயே தரம் வகுக்கப்பட்டுவிட்டதால், தமிழில் இயலாது என்னும் சாக்கும் செல்லாது.

ஆகவே, திரையில் பெரிய தமிழ் எழுத்தும், கேட்கத்தக்க தமிழ்க் குரலும், ஒவ்வொரு வரவு செலவுக்கும் அச்சிட்ட சீட்டும் அமையவேண்டும். கணினியைத் தொட்டறியாத அங்கத்தினர் சிலர் முதலில் அதனைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் திரையைத் திருத்துக. அதன்பின்னரே சங்கம் பணம் செலுத்துக. அடுத்த பொதுப்பேரவையில் இதனை எழுப்புமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறி, தன் கணக்கைத் தானே அறிய இயலாதவருக்கு எவ்வாறு பயன்படும்?