எல்லையில் நிற்கும் குழாய்

துருக்கி, ஈரான், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் 1964-ல் வட்டார வளர்ச்சிக்கென ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்தன. மூன்றும் அன்று ‘சென்டோ’ ராணுவக் கூட்டில் சிக்கியிருந்தவை. 1979-ல் முடங்கிய அந்த ஸ்தாபனம் 1985-ல் பொருளாதார ஒத்துழைப்பு ஸ்தாபனமாக மீண்டும் எழுந்தது. 1992-ல் ஆப்கானிஸ்தானும், அஸர்பைஜானும், மத்திய ஆசியாவின் ஐந்து குடியரசுகளும் சேர, பத்து முஸ்லிம் நாடுகளின் கூட்டாயிற்று.

மாநாடுகளுக்குக் குறைவில்லை. சகோதரத்துவப் பேச்சுக்கும் குறைவில்லை. தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

ஈரானில் எரிவாயு ஏராளம். அண்டை நாடான பாகிஸ்தானிலோ வாயுவும் மின்சாரமும் போதாமல் பைசலாபாத் நகரத்து விசைத்தறிகள் நின்றன. தறி நின்றது, கூலியும் நின்றது. 2013 மார்ச்சில் இரு நாட்டு ஜனாதிபதிகளும் எல்லையில் கூடி, தெற்கு பார்ஸ் வாயுவைக் கொண்டுவரும் குழாயின் பாகிஸ்தான் பகுதி வேலையைத் தொடங்கிவைத்தார்கள். ஈரான் தன் மண்ணில் பெரும்பகுதி குழாய் பதித்துவிட்டது. பாகிஸ்தான் பகுதியோ பத்தாண்டு கழிந்த பின்னும் முடியவில்லை.

மலையா தடுத்தது? மதமா தடுத்தது? இல்லை. ஈரானிடம் வாங்கினால் தண்டிப்போம் என்ற அமெரிக்க மிரட்டல் தடுத்தது! பணமுடையில் சிக்கி, கடனுக்காகச் சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் வாசலில் நிற்கும் சர்க்காருக்கு அதை மீறும் துணிவு ஏது?

தொழும் திசை ஒன்றாயிருப்பதால் மட்டும் சந்தை ஒன்றாகிவிடாது. டாலருக்கு அஞ்சும் ஆட்சியாளர் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் அது காகிதமே. நாடுகளின் ஒத்துழைப்பை மேடைப் பேச்சால் அளக்க வேண்டாம், தோழர்களே! தறி ஓடுகிறதா, கூலி வருகிறதா என்று பார்த்து அளப்போம்!