தள்ளிவிட்டால் ஓடும்

சென்ற ஆவணி மாதம் கொக்குவிலில் நடைபெற்ற திருமணமொன்றுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை ஏறிவந்தது பூமாலை சூட்டிய பழைய மொறிஸ் மைனர் கார். இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அது ஒரு மோஸ்தர். கோயில் வீதி முனையில் அக்கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. மாப்பிள்ளைத் தோழனின் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், நெடுநாட் காணாத உறவினர் ஒருவரைக் கண்டதுபோல் மனம் குளிர்ந்தது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு முதலில் ஓடியவன் நான்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதற் காரும் ஒரு மொறிஸ் மைனர். 1954ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. ஆசிரியராயிருந்த என் தந்தையார் 1978ஆம் ஆண்டில், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரிடம் அதனை வாங்கினார். இவ்வகைக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. 1948ஆம் ஆண்டு இலண்டனிற் காட்சிக்கு வந்த மைனர், பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதற் கார் என்று பெயர் பெற்றது. இப்பெருமையெதுவும் எங்கள் வீட்டுக் காருக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு ‘டிக் டிக்’ என்று அடிக்கவேண்டும். அது மௌன விரதம் பூண்ட நாட்களில் தந்தையார் இறங்கி, பொனற்றைத் தூக்கி, ஸ்பானரால் அதன் தலையில் மெல்லத் தட்டுவார். உள்ளேயுள்ள மின் தொடுமுனைகள் சரிவரத் தொடாமையே நோய், தட்டுவதே வைத்தியம். திரும்பும் திசையைக் காட்டுவதற்குக் கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். எங்கள் காரில் இடக்கை நீளும், வலக்கை நீளாது. வலப்புறம் திரும்பவேண்டிய வேளைகளில் உள்ளிருந்து தூணிற் குத்துவது என் தம்பியின் உத்தியோகம். அவன் அதனை மிகுந்த பொறுப்போடு செய்துவந்தான்.

மலைநாட்டிலாயின் காரைச் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி எடுக்கலாம். யாழ்ப்பாணத்திற் சரிவுக்கு எங்கே போவது? ஆகவே எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் அனைவரும் ஏதோவொரு நாளில் அக்காரைத் தள்ளியவர்களே. “வாத்தியாற்ரை காருக்கு நாலு சில்லு, எட்டுக் கால்” என்பது அயலவர் ஒருவரின் பகிடி. தந்தையாரும் சேர்ந்து சிரிப்பார். காரை விற்கும் பேச்சை மட்டும் எடுக்க விடமாட்டார்.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. புதிய கார்கள் கொட்டில்களில் உறங்க, கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடத்தொடங்கின. மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. வாயுவை மிக இறுக்கி அமுக்கும் புதிய எஞ்சின்களில் அது நேரந்தவறி வெடித்து ‘தட தட’ என்று இடிக்கும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. ஆதலால் அவை பொறுத்துக்கொண்டன. பெற்றோலிற் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றும் முறை பிரித்தானிய உழவு இயந்திரங்களில் முன்னரே வழங்கியதுதான். நாங்கள் கண்மருந்துக் குப்பியொன்றிற் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபறேற்றரின் வாயிற் சில துளிகள் விட்டு, ஹாண்டிலைச் சுழற்றுவோம். வெண்புகை ஒழுங்கையை மூடும். தலைமயிரிலும் சோற்றிலும் மண்ணெண்ணெய் மணக்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, எல்லோரும் வெளியேறவேண்டும் என்ற ஒலிபெருக்கி அறிவித்தல் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தது. எண்பது வயதைக் கடந்த அப்பாச்சியால் நடக்க இயலாது. தந்தையார் பம்பின் தலையிலே தட்டினார். குப்பியிற் பாதியை ஊற்றினார். கார் முதற் சுழற்சியிலேயே புறப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அது அப்படிச் செய்ததில்லை.

செம்மணி வெளியை அடைந்தபோது இருட்டிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. வீதி முழுவதும் மனிதர். இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில், ஓரடி வைத்து நின்று, மீண்டும் ஓரடி வைத்தனர். மண்ணெண்ணெய்க் காருக்கு இவ்வாறு நின்று நின்று ஊர்வதைப்போலப் பகை வேறில்லை. பிளக்குகளிற் கரி படிந்துவிடும். நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் எஞ்சின் அணைந்தது. குப்பியில் மீதமிருந்ததும் தீர்ந்தது.

தந்தையார் ஒன்றும் பேசாமல் இறங்கி, ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். நானும் தம்பியும் பின்னால் நின்று தள்ளினோம். சிறிது நேரத்தில், தலையில் மூட்டையோடு வந்த எவரோ ஒருவர் தம் மூட்டையைக் கூரைமீது வைத்துவிட்டுக் கைகொடுத்தார், பின்னர் இன்னொருவர். அவர்களுடைய முகங்களை நான் பார்க்கவேயில்லை. விடியும்வரை அவ்வாறே சென்றோம். பாலத்தின்மேல் அப்பாச்சி விழித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கித் தந்தையாரிடம் சொன்னார்:

“இண்டைக்குத்தான் மோனை, சத்தமில்லாமல் ஓடுது.”

“ஓமம்மா” என்றார் தந்தையார். அந்த மழையிலும் அவர் சிரித்ததை நான் கண்டேன்.

1996ஆம் ஆண்டு சித்திரையில் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது காரும் திரும்பிற்று, உழவு இயந்திரமொன்றின் பின்னாற் கயிற்றிற் கட்டுண்டு. அப்பாச்சி அந்த மார்கழியிலேயே சாவகச்சேரியிற் காலமாகிவிட்டார். பின்னிருக்கையில் அவருடைய இடத்திற் பாத்திர மூட்டைகளை வைத்திருந்தோம். தம்பி அவற்றை மடியில் ஏந்திக்கொண்டு, வலப்புறம் திரும்பிய இடங்களிலெல்லாம் தூணிற் குத்திக்கொண்டு வந்தான்.