ஐயாயிரம் ரூபாய் கட்டிய ஊர்

யூஎஸ்எய்டு எனப்படும் அமெரிக்க உதவி நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்ட செய்தி வந்தபோது, ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர், “போகட்டும் மேடம், அவங்க காசு நமக்கெதுக்கு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டுச் சாக்கடை இணைப்பின் கதையில் அந்த நிறுவனத்துக்கும் ஒரு சின்ன வேடம் உண்டு. காசு கொடுத்த வேடம் அல்ல.

ஆதம்பாக்கம் அடங்கிய ஆலந்தூர் அன்று தனி நகராட்சி. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி, லாரி வரும்வரை நாற்றமும் கொசுவும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி, சாக்கடை வேண்டுமென்றால் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்றார். கடைகளுக்கு 10,000. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள் நான். குழாய் ஒரு அடிகூடப் பதிக்காத திட்டத்துக்கு வெறும் ரசீதை நம்பிப் பணம் கட்டுவதா என்று எனக்கே தயக்கம். ஆனாலும் கட்டினோம். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசியதால்தான் அது நடந்தது.

திட்டச் செலவு சுமார் 34 கோடி. மக்கள் முன்பணம் சில கோடிகள் சேர்ந்த பிறகு, மீதியில் பெரும்பகுதி தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திலிருந்து கடனாக வந்தது. 1996-இல் உலக வங்கி ஆதரவோடு உருவான நிதியம் அது. தனியார் நிதி நிறுவனங்களும் அதில் பங்கு போட்டிருந்தன. யூஎஸ்எய்டு திட்டமொன்றின் நிபுணர்கள் ஒப்பந்தங்களை வகுக்க உதவினார்கள். மாதக் கட்டணம் 150 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று மக்கள் கறாராக நின்றார்கள். பற்றாக்குறையை ஈடுகட்ட மாநில அரசு ஒப்புக்கொண்டது.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. சிறிய நகராட்சிகள் கடன் சந்தைக்குப் போனால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால் 2002-03-இல் தமிழ்நாடு 13 உள்ளாட்சிகளை ஒரே கூட்டாகச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது: 15 ஆண்டு, 9.2 சதவீத வட்டி. தவணை தவறினால் அரசு தரும் மானியத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு. தனியாக ஒரு காப்பு நிதி. இவற்றுக்கெல்லாம் மேலே, அசலில் பாதிக்கு யூஎஸ்எய்டின் ஜாமீன். தம்பி வாங்கும் கடனுக்கு அண்ணன் கையெழுத்துப் போடுவதைப் போன்றதுதான். அண்ணன் பையில் கை வைக்கவில்லை. ஆனால் வட்டி குறைந்தது. கடன் மனுக்களைப் பார்த்தே காலம் கழித்தவளுக்கு அந்தக் கையெழுத்தின் விலை தெரியும்.

வெளிநாட்டு உதவி என்றால் இன்று நம் கண்ணில் படுவது வேறு. சென்னையை அடுத்த பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை, ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனில் எழும்புகிறது. நெம்மேலி ஆலைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. குடிநீர் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை மின்சாரத்தைக் குடித்து ஓடும் ஆலைகள்; சென்னை வீடுகள் பெரும்பாலானவற்றில் தண்ணீருக்கு மீட்டர்கூட இல்லை. தினசரி மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று எந்தத் தெருவிலும் கூட்டம் போட்டுக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கட்டுவதற்குக் கடன் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டுவதற்கு?

ஆலந்தூரிலும் குறை இல்லாமலில்லை. அன்று 5,000 ரூபாய் என்பது கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. முன்பணம் திரட்டும் எவரும் முதலில் அந்தக் குடும்பங்களுக்குத் தவணை வகுக்க வேண்டும். இன்னொன்று: 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சிக்குள் கரைந்தது. சாக்கடை அடைத்தால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு நகராட்சித் தலைவர் இருந்தார். அந்தப் பதவியே இப்போது இல்லை.

அமெரிக்க ஜாமீன் போனால் போகட்டும், தெருக்காரர் சொல்வதில் பாதி சரி. அந்தக் கையெழுத்தை மாநில அரசே போடலாமே? சிறிய நகராட்சிகளின் கூட்டுக் கடனுக்குப் பாதி அசலுக்குப் பொறுப்பேற்பது, பேரூர் ஆலையோடு ஒப்பிட்டால் கொசுறு. நிபந்தனை ஒன்று போதும்: முதலில் ஊர்க்காரர்களின் முன்பணம், பிறகு ஜாமீன்.