திட்டம் தளையன்று

அருளுரையை முன்கூட்டித் திட்டமிடுவது இறைவனின் வாயை அடைப்பதாகும் என்பாருளர். எழுதியதை இம்மியும் மாற்றாது படிப்பதே ஒழுங்கு என்பாருமுளர். இரு சாராரும் தவறுகின்றனர். ஜெலாப்பாங்கில் பள்ளி நடத்தும் எனக்குப் பிரசங்க மேடையில் என்ன வேலை எனக் கேட்கலாம். போதகரும் ஆசிரியரும் ஒரே தொழிலின் இரு கிளையினர் அன்றோ?

திருச்சபைக்குத் திட்டம் புதிதன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வெளியிட்ட வாசக ஒழுங்கு, ஞாயிறுகளுக்குரிய மறைநூற் பகுதிகளை மூன்றாண்டுச் சுழற்சியில் வகுத்தது. இத்தகைய வரிசை இல்லையேல், போதகர் தமக்குப் பிடித்த பத்துப் பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவார்.

ஆயினும், 2020 மார்ச் 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 12இல் வந்த உயிர்ப்புத் திருநாளிலும் ஆலயங்கள் மூடியே கிடந்தன. நிரம்பிய ஆலயத்திற்கென வகுத்த உரையை, வீட்டில் அஞ்சியிருந்தோர்க்கு அப்படியே படிப்பது பணியாகுமா?

மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டன் பேரணிக்கு எழுதி ஆயத்தம் செய்த உரையுடனேயே வந்தார். உரை முடிவை நெருங்குகையில், பாடகி மஹேலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லுமாறு குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு விலகினார். உலகம் நினைவிற்கொண்ட பகுதி பிறந்தது. ஆனால், அக்கனவு அக்கணத்தில் முளைத்ததன்று. அவ்வாண்டு ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் அதனை அவர் பேசியிருந்தார். ஆயத்தம் செய்தவனுக்கே மாற்றம் கைகொடுக்கும்.

நம் வகுப்பறைகளில் நடப்பதென்ன? நாள் பாடத்திட்டம் எழுதியபடி நடந்ததா என நோக்கும் கண்கள், மாணவன் கற்றானா என நோக்குவதில்லை. இரண்டாம் வேற்றுமை விரியில் வலிமிகும் எனக் கற்பிக்கத் திட்டமிட்ட நாளில், மாணவர் ‘ஐ’ உருபையே இனங்காணவில்லையெனில், பின்னோக்கிச் செல்வதே கற்பித்தல். அதனைக் குறையென எழுதுவது அறியாமை. அனுபவம் போதுமென்று வெறுங்கையுடன் வகுப்பேறுவது அதனினும் பெரிய அறியாமை. எங்கிருந்து விலகினோம் என்பதும், எங்கே திரும்புவது என்பதும் அவர்க்குத் தெரியா.

நிரை குறித்திருந்தும், மரம் நனைந்த காலையில் நம் முன்னோர் பால்வெட்டவில்லை. அதனால் நிரை பொய்த்துவிடவில்லை; மரம் காய்ந்தபின் அதே நிரைக்கே திரும்பினர். ஆசிரியப் பெருமக்களே, திட்டமிடுங்கள். தேவை கண்டவிடத்து அஞ்சாது மாற்றுங்கள். மாற்றியதன் காரணத்தையும் எழுதி வையுங்கள். தாளுக்காகப் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகளுக்காகவே தாள்.