ஈமானை அளக்கும் ஹஸ்ரத்துக்கு

சிலுவை போட்ட கொடிக்கு சல்யூட் அடித்த முஸ்லிம் கடற்படை வீரர்களும், சிலுவை வடிவ விக்டோரியா கிராஸ் பதக்கம் அணிந்த முஸ்லிம் சிப்பாய்களும் ஈமான் இழந்தவர்கள் என்று நாகூரில் ஒரு ஹஸ்ரத் பயானில் தீர்ப்பளித்திருக்கிறார். மௌத்தாகிப் போனவர்களையும் அவர் விடவில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

1950 முதல் நம் கடற்படைக் கொடியில் இருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவையை 2001இல் எடுத்தார்கள். 2004இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதுக் கொடியின் நீலச் சின்னம் கடலோடும் வானத்தோடும் கலந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் காரணம், மதம் அல்ல. 2022 செப்டம்பரில் சிலுவை நீங்கியது. இத்தனை காலமும் அதற்கு சல்யூட் அடித்தவர்கள் நாட்டுக்கு அடித்தார்கள்.

குதாதாத் கான் 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில், கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் மடியும்வரை காயத்தோடு இயந்திரத் துப்பாக்கியை இயக்கினார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான். எதிரியின் குண்டுக்கு நடுவில் நின்றவரின் ஈமானை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அளக்கிறார் ஹஸ்ரத்.

அவர் காட்டும் ஆதாரம், சிலுவை உருவம் உள்ள எதையும் நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் விட்டுவைக்கவில்லை என்ற ஆயிஷா நாயகியின் அறிவிப்பு. புகாரியில் இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் அதே மதீனாவின் கடைத்தெருவில் புழங்கிய தங்கக் காசு எது? ரோமப் பேரரசின் தீனார். அதில் சிலுவை இருந்தது. ஜகாத்துக்கான 20 தீனார் கணக்கும் அந்தக் காசை வைத்துத்தான். ஹிஜ்ரி 70களில் கலீஃபா அப்துல் மலிக் சொந்தத் தீனார் அடிக்கும்வரை சஹாபாக்களின் மடியில் அந்தக் காசுதான் இருந்தது. அவர்களுக்கும் இதே தீர்ப்பா, ஹஸ்ரத்? செயலுக்கு நிய்யத்தே அடிப்படை என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த முதல் பாடம்.

நம் நாகூர் தர்காவின் 131 அடி பெரிய மனோராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அதனால் அவர் மதம் மாறிவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்றால் அந்தச் சொல் இருவரில் ஒருவர் மீது வந்து விழும் என்பதும் புகாரியில்தான் இருக்கிறது. மிம்பரில் சொன்னதை மிம்பரிலேயே திரும்பப் பெறுங்கள், ஹஸ்ரத்.