ஃபஜ்ருக்கு விரையும் பைக்குகள்

மார்கழிப் பனியில் குளிர்ந்த நீரில் உளூச் செய்து பள்ளிக்கு வருவோருக்குரிய நன்மை பெரிது. வரும் விதமும் அதேயளவு பேசப்பட வேண்டியது.

கீழ்பென்னாத்தூர் வழியே செல்லும் செஞ்சி–திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், பின்விளக்கில்லாத டிராக்டர் அருகே சென்ற பிறகே கண்ணில் படும். அந்தச் சாலையில்தான், ஜமாஅத் தவறிவிடுமோ என்று பைக்கை விரட்டுகிறோம். பெட்ரோல் டேங்கின்மேல் மகன். குளிர்காற்று முழுவதும் அவன் நெஞ்சில். இருவர் தலையிலும் தொப்பி உண்டு, ஹெல்மெட் இல்லை.

இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் அமைதியாக நடந்து வந்து, கிடைத்ததைத் தொழுது, தவறியதைப் பின்னர் நிறைவு செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கால்களின் ஓட்டத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பனிமூட்டத்தில் வண்டியை முடுக்குவதை என்னென்பது? கடுங்குளிரும் மழையுமான இரவில் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ள அறிவிப்புச் செய்வித்தவர்களும் அவர்களே. (நம் மார்கழி அவ்வளவு கடியதன்று, போர்வைக்குள் முடங்க இதைச் சான்றாக்க வேண்டாம்.)

நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம். தொப்பி சட்டைப்பையில் இருக்கட்டும். பள்ளி வாசலில் அணிந்துகொள்ளலாம்.